தெல்தோட்டையிலிருந்து குடிசன் பார்க் வரை

சென்ற இதழில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து எவர்டன் உதைபந்தாட்டக் கழகம் தன் பழைய மைதானமான குடிசன் பார்க்கை விட்டுப் போனது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உதைபந்தாட்ட மைதானங்களைப் பற்றித்தான். அரசாங்க வேலையில் இருந்த காலம் முழுக்கக் கட்டடப் படம் வரைந்தவன் நான். வேலை முடிந்தால் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் பந்து பார்க்கப் போய்விடுவேன். இரண்டும் சேர்கிற கேள்வி வந்தால் எழுதிக்கொண்டே போகத் தோன்றும். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடிசன் பார்க்கை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் ஐயா? தூண் மறைக்கிறது, இருக்கை மரத்தில், கூரையும் பழசு. புதியது கட்டியதில் என்ன கவலை?
(கல்லூரி மாணவர், உவர்மலை)

தூண் மறைப்பது உண்மைதான் தம்பி. அங்கே காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் பலர் கோல் கம்பத்தின் பாதியைப் பார்க்காமலேயே வயதாகியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தூண்களை யார் வரைந்தார் என்று தெரிந்தால் நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது விளங்கும்.

ஆர்ச்சிபோல்ட் லீச், 1865இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். முதலில் தொழிற்சாலைகளுக்குத்தான் படம் வரைந்தார். அவருடைய ஆரம்பகால வேலைகளில் நம் நாட்டுத் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளும் உண்டு. மலைநாட்டில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் போயிருப்பீர்கள். மெல்லிய இரும்புத் தூண்கள் ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். மேல் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாடவிடுவார்கள். நீளமான தகரக் கூரை, சுவர் முழுக்க ஜன்னல். அலங்காரம் என்று எதுவும் இருக்காது. குறைந்த செலவில் நிறையப் பாரம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு அவர் வரைந்த பார்வையாளர் அரங்குகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தூண் வரிசை, அதே சரிவுக் கூரை. கொழுந்து இருந்த தட்டில் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

அவருடைய முதல் பெரிய மைதான வேலை கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ். அங்கே மேற்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை அடித்து, ஆட்கள் நின்று பார்க்க உயரமான படிகள் கட்டினார்கள். 1902 ஏப்ரல் 5ஆம் திகதி ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். முதல் நாள் இரவு கடும் மழை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே பலகை உடைந்து, நின்றவர்கள் கீழே விழுந்தார்கள். 25 பேர் செத்தார்கள், 500 பேருக்கு மேல் காயம். மரம் கொடுத்த ஒப்பந்தக்காரர் மீது வழக்கு நடந்து, அவர் விடுதலையானார். லீச் அன்று அந்த மைதானத்திலேயே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வரைந்த மைதானங்களில் நின்று பார்க்கும் படிகள் அந்தரத்தில் நிற்கவில்லை. மண்ணை மேடாகக் குவித்து, அதன் மேல் படி வெட்டினார். கூட்டம் அலையாக முன்னால் சரியாமலிருக்க இரும்புத் தடுப்புகள் வைத்தார். அந்தத் தடுப்பின் அமைப்புக்குக் காப்புரிமையும் எடுத்தார். ஓர் இளம் பொறியியலாளரின் வாழ்க்கை அந்த 25 சாவோடு முடிந்திருக்கலாம். அவர் அதையே படித்து, அடுத்த கால் நூற்றாண்டில் பிரிட்டனின் பெரிய மைதானங்கள் பலவற்றுக்குப் படம் வரைந்தார். ஓல்ட் ட்ரபோர்ட், ஃபுல்ஹாமின் கிறேவன் கொட்டேஜ், ஹில்ஸ்பரோ, வில்லா பார்க், அப்புறம் உங்கள் குடிசன் பார்க்.

குடிசன் 1892இல் திறந்தது. எவர்டன் அதற்கு முன் ஆடியது அன்ஃபீல்டில். வாடகைத் தகராறில் வெளியேறினார்கள். வெறுமையாகக் கிடந்த அன்ஃபீல்டுக்காக அதன் சொந்தக்காரர் ஜோன் ஹோல்டிங் உருவாக்கிய கழகம்தான் லிவர்பூல். ஒரு பூங்காவின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பகைக் கழகங்கள் வளர்ந்த கதை இதுதான். குடிசனில் லீச் கட்டிய புல்லன்ஸ் வீதி அரங்கின் மேல்தட்டு முகப்பில் இரும்புப் பட்டைகள் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அது அழகுக்கு மட்டும் வைத்ததல்ல, பாரம் தாங்குகிற உறுப்பு. 1938இல் நாலாவது பக்கமும் முடிந்தபோது, நாலு பக்கமும் இரண்டடுக்கு அரங்கு கொண்ட முதல் மைதானம் பிரிட்டனில் அதுதான். இரண்டு அரங்குகள் சேரும் மூலையில் ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது; அதை இடிக்காமல் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். 1966 உலகக் கிண்ணத்தில் வட கொரியா 3 கோல் முன்னுக்குப் போய், யூசேபியோ 4 கோல் அடித்து, போர்த்துக்கல் 5–3 என்று வென்ற ஆட்டம் நடந்ததும் இங்கேதான்.

2025 மே 18ஆம் திகதி ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். இடிக்கத்தான் நினைத்திருந்தார்கள். இப்போது எவர்டன் பெண்கள் அணிக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த முடிவு எனக்கு நிறைந்த சந்தோஷம். கட்டடத்தைப் பாவித்துக்கொண்டிருந்தால்தான் அது கட்டடமாக இருக்கும்.

கேள்வி: புதிய மைதானத்தைத் துறைமுகத்துக்குள் கட்டினார்களாமே, தண்ணீருக்குள் எப்படி? நம் துறைமுகத்திலும் முடியுமா?
(துறைமுக ஊழியர், சீனக்குடா)

அண்ணன், அது திறந்த கடலில் இல்லை. லிவர்பூலில் மேர்சி ஆற்றங்கரையோடு கல்லால் கட்டிய கப்பல்துறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் பிராம்லி-மூர் என்ற துறை 1848இல் ஜெஸ்ஸி ஹார்ட்லி கட்டியது. அந்தக் கருங்கல் சுவரைப் பார்த்தால் உங்களைப் போலத் துறைமுக வேலை தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும். பெரிதும் சிறிதுமான கற்களை ஒன்றோடொன்று சீவிப் பொருத்தியிருக்கிறார்.

முதலில் உள்ளே இருந்த மீன்களைப் பிடித்து வெளியே விட்டார்கள். பிறகு ஐரிஷ் கடலில் மணல் அள்ளி, கப்பலில் கொண்டுவந்து குழாய் வழியாகத் துறையை நிரப்பினார்கள். நாலு இலட்சம் கன மீற்றருக்கு மேல் மணல். அதன் வழியே ஆழத்துக்குத் தூண் இறக்கி, அதன் மேல் அரங்கு எழும்பியது. பழைய துறைச் சுவர்களை உடைக்கவில்லை. ஒரு பக்கத்தில் தண்ணீர் வாய்க்கால் ஒன்றை விட்டிருக்கிறார்கள். பக்கத்திலிருந்த பழைய நீரழுத்தக் கோபுரத்தையும் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். அரங்கின் கீழ்ப் பாகம் பழைய பண்டகசாலைகளோடு ஒத்துப்போகிற செங்கல், மேலே இரும்பும் கண்ணாடியும். 52,000க்கு மேல் இருக்கை. தென் பக்கம் 13,000 பேர் ஒரே தட்டில், சட்டம் விடுகிற அளவுக்குச் செங்குத்தாக.

இதற்கு விலையும் இருந்தது. கப்பல்துறைப் பகுதியில் நடந்த புதிய கட்டுமானங்களையும், இந்த மைதானத் திட்டத்தையும் காரணம் காட்டி, 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பாழடைந்து கிடந்த ஓரிடத்துக்கு மறுபடி ஆட்கள் வருவது நல்லதுதானே என்பவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம். ஆனால் நம் துறைமுகத்துக்கு அந்த நியாயம் ஒத்துவராது. அது கைவிடப்பட்ட கற்குளமல்ல. இயற்கை தந்த ஆழம். கப்பல் வருகிற ஆழத்தில் மணல் கொட்டச் சொன்னால் நான் எதிர்த்து எழுதுவேன். ஊருக்குள் நிலமா இல்லை?

கேள்வி: கோணேசர் மலையைப் பார்க்கும்போதெல்லாம், பாறையோடு சேர்த்து ஒரு மைதானம் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றும். உலகத்தில் எங்காவது உண்டா மாமா?
(ஒரு வாசகி, அலஸ்தோட்டம்)

உண்டு மகள். போர்த்துக்கல்லின் பிராகா நகரில் எதுவார்தோ சோத்தோ தெ மோரா கட்டியது, 2003இல் திறந்தார்கள். கல் உடைத்த மலையைக் குடைந்து அமைத்தது. இரண்டு நீளப் பக்கங்களில் மட்டும் அரங்கு. ஒரு கோலுக்குப் பின்னால் வெறும் பாறைச் சுவர். இரண்டு அரங்குக் கூரைகளையும் மைதானத்துக்கு மேலாக இரும்புக் கயிறுகள் இணைக்கின்றன. கோணேசர் மலையில் மட்டும் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம். பிராகாவின் படத்தைப் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்வோம்.

கேள்வி: எங்கள் பாடசாலை மைதானத்தில் ஆறு படி கட்டியிருக்கிறார்கள். பின்னால் இருந்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் தெரிகிறது. எந்த உயரத்தில் கட்ட வேண்டும்?
(ஆசிரியர், கிண்ணியா)

சேர், நான் வெகுநாளாகக் காத்திருந்த கேள்வி இது. மேசன் வீட்டுப் படிக்கட்டுக் கணக்கில் கட்டுவார். அது ஏறுவதற்கான கணக்கு. பார்ப்பதற்கான கணக்கு வேறு.

பின்னால் இருப்பவரின் கண்ணிலிருந்து மைதானத்தின் மிகக் கிட்டிய கோட்டுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். அது முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு மேலே எவ்வளவு இடைவெளி விட்டுப் போகிறது என்பதுதான் எல்லாம். 9 சென்ரிமீற்றர் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். 6 என்றால் தலையைச் சரித்துப் பார்க்க வேண்டி வரும். 15 கிடைத்தால் முன்னால் தொப்பி போட்டவர் இருந்தாலும் கவலையில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். படியின் அகலம் 80 சென்ரிமீற்றர் என்று வைப்போம். முன்னால் இருப்பவர் எல்லைக் கோட்டிலிருந்து 20 மீற்றர் தள்ளி, அவர் கண் தரையிலிருந்து 6 மீற்றர் உயரத்தில் இருந்தால், அவருக்கு அடுத்த படி ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் உயர வேண்டும். அப்போதுதான் அந்த 9 கிடைக்கும். அதே அரங்கில் மேலே, 40 மீற்றர் தூரத்தில் 14 மீற்றர் உயரத்தில் இருப்பவருக்குப் பின்னால் 37 வேண்டும். பின்னுக்குப் போகப் போகப் படி உயர்ந்துகொண்டே போக வேண்டும். நல்ல அரங்கைப் பக்கவாட்டில் பார்த்தால் சரிவு நேர்கோடாக இல்லாமல் மேல்நோக்கி வளைவது இதனால்தான்.

உங்கள் ஆறு படிக்கு வளைவெல்லாம் தேவையில்லை. ஒன்று செய்யலாம். ஒவ்வொரு படியையும் இன்னும் உயர்த்திக் கட்டுங்கள், அல்லது படியைக் கோட்டிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள். எல்லைக் கோட்டில் ஆட்கள் எழுந்து நிற்கிற பழக்கத்துக்கு முதல் படியையே தூக்கிக் கட்டுவது மருந்து; ஆனால் அப்போது ஒவ்வொரு படியும் இன்னும் உயர வேண்டும்.

கேள்வி: அரங்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?
(ஒரு வாசகர், நிலாவெளி)

மைதானம் வடக்குத் தெற்காகக் கிடக்க வேண்டும், கோல் காப்பவரின் கண்ணில் அந்தி வெயில் அடிக்காமலிருக்க. முக்கிய அரங்கு மேற்கே. வெயில் பார்வையாளரின் முதுகுக்குப் போய்விடும். நம்மூரில் நாலு மணிக்குத்தான் ஆட்டம் தொடங்குகிறது என்பதால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்கு அரங்கின் பின்சுவர் புழுதியையும் தடுக்கும். ஆனால் சுவரை முழுக்க மூடாமல் மேலே காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தகரக் கூரைக்குக் கீழே வெந்துபோவோம்.

கேள்வி: எங்கள் கழகத்துக்கு 2,000 பேர் இருக்கும் அரங்கு ஒன்று கட்ட வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உதவுவதாகச் சொல்கிறார்கள். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
(விளையாட்டுக் கழகச் செயலாளர், மூதூர்)

வாசலை. கூரையையும் நிறத்தையும் கடைசியில் பேசலாம் தம்பி.

1985 மே 11ஆம் திகதி இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பழைய மர அரங்கு எரிந்தது. படிகளுக்குக் கீழே வருடக்கணக்காகச் சேர்ந்த குப்பையில் நெருப்புப் பிடித்து, சில நிமிடத்தில் கூரை முழுவதும் போய்விட்டது. 56 பேர் செத்தார்கள். மைதானத்துக்குள் குதித்தவர்கள் தப்பினார்கள். பின்பக்கம் ஓடியவர்களுக்கு அங்கே கதவுகள் பூட்டிக் கிடந்தன. பழைய கூரையை மாற்றி இரும்புக் கூரை போடும் வேலை அந்தப் பருவம் முடிந்ததும் தொடங்குவதாக இருந்தது. நாலு வருடம் கழித்து, 1989இல் ஹில்ஸ்பரோவில் ஒரே சுரங்க வழியால் ஏற்கெனவே நிரம்பிய பகுதிக்குள் கூட்டத்தை விட்டு, முன்னால் கம்பி வேலி தடுக்க, நெரிபட்டு 97 பேர் போனார்கள். பிரிட்டனின் பெரிய மைதானங்கள் முழுக்க இருக்கை மயமானது அதற்குப் பிறகுதான்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். படிக்கட்டில் ஒரு மீற்றர் அகலத்தில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம், சமதரையில் 82 பேர். பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி சொல்லும் அளவு இது. எல்லோரும் 8 நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். 1.2 மீற்றர் படிக்கட்டு ஒன்றால் 8 நிமிடத்தில் ஏறக்குறைய 630 பேர் இறங்குவார்கள். 2,000 பேருக்கு மூன்று போதாது, நாலு வேண்டும். நாலும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது எந்தக் கதவுக்கும் பூட்டு வேண்டாம், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்கட்டும். படிக்குக் கீழே உள்ள இடத்தில் கதிரையோ பந்தல் துணியோ சேர்த்து வைக்க விடாதீர்கள். பெண்களுக்குத் தனி மலசலகூடம் படத்தில் முதல் நாளே இருக்க வேண்டும். பிறகு சேர்ப்போம் என்று விட்டால் அது வரவே வராது.

நிலத்தின் அளவு, வடக்குத் திசை, வீதி எந்தப் பக்கம் என்று குறித்து ஒரு படம் அனுப்புங்கள். வாசல்களை எங்கே வைப்பது என்று வரைந்து, மறு தபாலில் அனுப்பி வைக்கிறேன்.