ஃபேதம்: இரு கை அகலத்தில் பிறந்த ஆழம்

கேள்வி: ஐயா, ஆங்கிலக் கடற்பயண நூல்களில் ஆழத்தைச் சொல்லுமிடத்தில் ‘ஃபேதம்’ என்ற சொல் வருகிறது. அது எத்தனை அடி?

பதில்: ஆறு அடி. மீட்டர் கணக்கில் 1.8288.

கேள்வி: அகராதியில் அதே சொல்லுக்கு ‘விளங்கிக்கொள்’ என்ற பொருளும் இருக்கிறதே? அளவுக்கும் அறிவுக்கும் என்ன உறவு?

பதில்: பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்வடிவம் விரித்த இரு கைகளையும், அக்கைகளால் ஆரத் தழுவுவதையும் குறித்தது. ஜெர்மன் மொழியில் நூலைக் குறிக்கும் ‘ஃபாடன்’ இதற்கு உடன்பிறப்பு. கயிற்றை அளப்பவர் இரு கைகளையும் முழுக்க நீட்டிப் பிடித்தால், ஒரு கை விரல்நுனியிலிருந்து மறு கை விரல்நுனி வரை ஏறக்குறைய அவருடைய உயரமே இருக்கும். அந்த நீளமே ஆறடி என்று நிலைபெற்றது. தழுவுதல் என்ற வினை கடலுக்குப் போய் ஆழம் அளத்தலாகி, 17ஆம் நூற்றாண்டில் ஒன்றின் அடிவரை சென்று அறிதல் என்ற பொருளையும் பெற்றது.

நாமும் ஒருவரை ‘ஆழம் பார்க்கிறான்’ என்கிறோம். ஆனால் அது முயற்சியை மட்டுமே சொல்கிறது. ஆங்கில வினையோ அடியைத் தொட்டுவிட்டதையும் சொல்கிறது. ஆகவே ‘ஆழங்காணுதல்’ என்பதே பொருத்தமான பெயர்ப்பு என்பது என் முடிவு.

கேள்வி: ஆழம் பார்க்கக் கடலில் இறக்கிய கயிற்றின் அளவை இருட்டில் எப்படி அறிந்தார்கள்?

பதில்: தொட்டு அறிந்தார்கள். ஈயக்குண்டு கட்டிய அந்தக் கயிற்றில் இரண்டாம் ஃபேதத்தில் இரண்டு தோல் வார்களும், மூன்றாவதில் மூன்று வார்களும், ஐந்தாவதில் வெள்ளைத் துணியும், ஏழாவதில் சிவப்புத் துணியும், பத்தாவதில் துளையிட்ட தோலும் இருக்கும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் வெவ்வேறு வகைத் துணியைக் கட்டியதால், நிறம் தெரியாத நள்ளிரவிலும் விரலோ உதடோ வேறுபாட்டை உணர்ந்துவிடும். குண்டின் அடிக்குழியில் விலங்குக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மேலே வரும்போது அதில் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டியிருக்கும், அதை வைத்தே மாலுமி தாம் நிற்கும் இடத்தைக் கணிப்பார். இத்தனை நுட்பத்தை ஒரு கயிற்றில் முடிந்து வைத்த அந்த மனிதர்களை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: எழுத்தாளர் மார்க் ட்வெய்னின் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. மிசிசிப்பி ஆற்றில் ஆழம் பார்ப்பவர் ‘மார்க் ட்வெய்ன்’ என்று குரல் கொடுத்தால் ‘குறி இரண்டு’, அதாவது இரண்டு ஃபேதம், 12 அடி நீர் என்று பொருள். நீராவிப் படகு அச்சமின்றிப் போகலாம். அந்த ஆற்றில் படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் 1863இல் அதையே புனைபெயராக்கிக்கொண்டார்.

கேள்வி: பெருங்கடலையும் கயிற்றால் அளந்தார்களா?

பதில்: அளந்தார்கள். 1875இல் பிரிட்டனின் ‘சேலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழிப் பகுதியில் 4,475 ஃபேதம் வரை கயிறு விட்டது. அது எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல்.

கேள்வி: இந்த அளவை மொழிபெயர்க்கும்போது தமிழில் எந்தச் சொல்லை எழுதலாம்?

பதில்: நம் கடலோர மீனவர்கள் புழங்கும் ‘பாகம்’ இருக்கிறது. அதுவும் விரித்த இரு கைகளின் நீளமே. பிரெஞ்சு மொழியின் ‘பிராஸ்’ என்ற அளவும் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் வந்தது. பங்கு என்ற பொருளும் பாகத்துக்கு இருப்பதால் தயங்குகிறீர்கள் போலும். ‘பத்துப் பாகம் ஆழம்’ என்று ஆழத்தையும் சேர்த்து எழுதினால் எவருக்கும் குழப்பம் வராது.