பள்ளிக் கட்டடத்தில் வெப்ப மீட்புக் காற்றோட்டம் என்றால் என்ன?

வெளியேறும் பழைய காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றிவிடும் ஏற்பாடு இது. ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளின் புதிய பள்ளிகளில் பார்க்கலாம்.

25 பிள்ளைகள் மூச்சுவிடும் வகுப்பறையில் கரியமில வாயு சீக்கிரம் ஏறி, கவனம் மங்கும். பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்தாலோ, செலவு செய்து உண்டாக்கிய சூடு போய்விடும். சூடான பால் டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் பாலின் சூடு தண்ணீருக்கு இறங்கும், ஆனால் இரண்டும் கலக்காது அல்லவா? அதே வேலையை இங்கே மெல்லிய தகடுகள் செய்கின்றன. நல்ல கருவி முக்கால் பங்குக்கு மேல் சூட்டை மீட்கும். பிள்ளைகளின் உடல்சூடும் கைகொடுக்கும். மிகக் குறைந்த வெப்பத்தில் இயங்கும் கட்டடங்களுக்காக ஜெர்மனியில் உருவான 'பாசிவ்ஹவுஸ்' அளவுகோலில், அறைகளைச் சூடாக்கச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட் மணி வெப்பமே வரம்பு. ஆனால் சுவரில் காற்று கசிந்தால் எந்தக் கருவியும் முழுப் பயன் தராது. முதல் செலவு அந்தக் கசிவை அடைக்கத்தான் போக வேண்டும்.

இப்படிப்பட்ட பள்ளியில் ஜன்னலைத் திறக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாகத் திறக்கலாம், குளிர்காலத்தில் திறக்க வேண்டிய கட்டாயம்தான் இல்லை.