வாசகர் கேள்வி, நம் பதில்: காலியான இடத்துக்கு யாரை நிறுத்துவது?

கேள்வி: இங்கே மொரீஷியஸில் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பதவி விலகலாம் என்று பேச்சு. கட்சிகள் அனுப்பும் ஆளுக்குக் காத்திராமல் நாமே ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தலாம் என்று நண்பர்கள் சிலர் கிளம்பியிருக்கிறோம். கோயில் தலைவர், ஒரு இளம் வழக்கறிஞர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று மூன்று பெயர் அடிபடுகிறது. யாரைப் பிடிக்கலாம்? நம் தமிழ் ஓட்டு கை கொடுக்குமா? (பெயரும் தொகுதியும் வேண்டாம், ஐயா)

பதில்: ஓட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கை கொடுக்கும், ஆனால் அது மட்டும் போதாது. இந்தத் தீவில் எந்தத் தொகுதியிலும் தமிழ் ஓட்டை மட்டும் வைத்து யாரும் ஜெயிக்க முடியாது. பொதுத்தேர்தலில் ஆளுக்கு மூன்று ஓட்டு, மூன்றையும் போட்டாக வேண்டும், அதனால் கட்சிகள் மூன்று பேரை ஒரே கட்டாகக் கட்டி, இவர் இந்தச் சமூகம், அவர் அந்தச் சமூகம் என்று பார்த்துப் பார்த்து டிக்கெட் கொடுக்கின்றன. நம் ஆட்கள் பலர் உள்ளே போனது அப்படி மூவரில் ஒருவராகத்தான். அலை அடித்தால் கட்டு மொத்தமாக ஜெயித்துவிடும். 2024 நவம்பரில் மொரீஷியஸ் தீவின் 60 இடத்தையும் ஒரே கூட்டணி அள்ளியதைப் பார்த்தோமே.

இடைத்தேர்தலில் இந்தக் கட்டு இல்லை. ஒரு இடம், ஒரு ஓட்டு. வேட்பாளர் தன் சமூகத்தை அறிவிக்கும் சடங்கும் பொதுத்தேர்தலுக்குத்தான் (அதிலும் நமக்குத் தனி இடம் கிடையாது, இந்து என்ற தலைப்புக்குள் போட்டுவிடுவார்கள்). பெஸ்ட் லூசர் கணக்கும் (தோற்றவர்களில் சிலருக்குச் சமூகம் பார்த்துக் கூடுதல் இடம் கொடுப்பது) கிடையாது. அதனால் ஆள் யார் என்பது பொதுத்தேர்தலை விட இங்கே அதிகம் எடுபடும். ஆனால் இது கட்சிகளுக்கும் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள், அவர்களும் தங்கள் பெரிய பெயரைத்தான் இறக்குவார்கள். 2017இல் ரோஷி பதேன் மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் திட்டத்தை எதிர்த்து எம்பி பதவியை விட்டார், டிசம்பரில் கத்ர் போர்ன் இடைத்தேர்தலில் தானே மறுபடி நின்றார், தோற்றார். அப்போது ஆண்ட எம்எஸ்எம் கட்சி ஆளே நிறுத்தவில்லை. ஜெயித்தது லேபர் கட்சியின் அர்வின் பூலெல். முன்னாள் வெளியுறவு அமைச்சர், 2014இல் வேறொரு தொகுதியில் தோற்று நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் எதிரில் வந்து நிற்பார் என்று வைத்துக்கொண்டே உங்கள் ஆளைத் தேடுங்கள்.

சரி, உங்கள் மூவர். கோயில் தலைவரை விட்டுவிடுங்கள். நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவர் நின்றால் நிர்வாகக் குழு இரண்டாகும், அடுத்த காவடிக்கு யார் எந்தப் பக்கம் என்று ஆகிவிடும், தோற்றால் கோயிலே தோற்ற மாதிரி. வழக்கறிஞர் பேசுவார், சட்டம் தெரியும், ஆனால் அவர் தொகுதியில் குடியிருக்கிறாரா, கார் மட்டும் வந்து போகிறதா என்று பாருங்கள்.

தலைமையாசிரியையிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நான்கைந்து தெருவை எடுத்துக்கொண்டு, அங்கே கிரியோல், முஸ்லிம், சீன வீடுகளிலும் ஏறி இறங்கி, 'யாரைப் பிடிக்கும்' என்று கேட்காதீர்கள், 'குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் யாருக்குப் போன் போட்டீர்கள்' என்று கேளுங்கள். கேட்காமலே அவர் பெயர் வந்தால் நல்லது. அப்புறம், 'டீச்சர் நின்றால் உங்கள் மதிலில் படம் ஒட்டலாமா' என்று கேளுங்கள். இங்கேதான் உண்மை தெரியும். ஓட்டு உங்களுக்குத்தான் என்று காப்பி கொடுத்து அனுப்புகிறவர்கள், மதில் என்றதும் 'மருமகன் அரசு வேலையில் இருக்கிறான், மனசிலே வச்சுக்கோங்க' என்பார்கள். மதில் கொடுக்கிற வீடுகளை மட்டும் எண்ணுங்கள், மற்றதெல்லாம் மரியாதை.

அவரிடம் பேசும்போது பணத்தையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா வாக்குச்சாவடிக்கும் ஏஜென்ட் வேண்டும், எண்ணிக்கை அன்று பொழுதெல்லாம் உட்கார ஆள் வேண்டும். கட்சிகளுக்குத் தெருமுனையில் 'பாஸ்' என்ற பிரசார முகாம் போட ஆளும் கொடியும் தயாராக இருக்கும். உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். அப்போது பெயர் சொல்ல முடியாவிட்டால் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேள்வி: என் தம்பி அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். நண்பர்கள் அவனை நிற்கச் சொல்கிறார்கள். ஜெயித்த பிறகு வேலையை விட்டால் போதாதா? (வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: போதாது, அம்மா. அரசு ஊழியரும் உள்ளாட்சி ஊழியரும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி இல்லை என்று அரசியலமைப்பே சொல்கிறது, வேலையை முதலில் விட்டாக வேண்டும். வீட்டுக் கடன் இருந்தால் தம்பி மனைவியையும் உட்கார வைத்துப் பேசுங்கள், நண்பர்கள் தவணை கட்டப் போவதில்லை. வேட்புமனுவுக்கு முன் ஆறு மாதம் தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும், அதோடு மொத்தமாகக் கூட்டினால் இரண்டு வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சபை நடவடிக்கையில் கலந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும். ஓட்டு கேட்பது கிரியோலில், சபையின் அதிகார மொழி ஆங்கிலம், நம் நாட்டு வேடிக்கை. அரசோடு ஒப்பந்தத் தொழில் இருந்தால் கெஜட்டிலும் பத்திரிகையிலும் அறிவிப்புப் போட வேண்டும். எதற்கும் தேர்தல் ஆணையர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் பையன்களுக்கு வேலை வாங்கித் தருவதாக வேட்பாளர் வாக்குக் கொடுத்தால்தானே ஓட்டு விழும்? (மொகா)

பதில்: மொகாவிலிருந்தே இந்தக் கேள்வியா! அப்படி வாக்குக் கொடுத்தால் ஜெயித்த இடமே போகலாம். உங்கள் 8ஆம் தொகுதியில்தான் அசோக் ஜக்நாத்தின் 2005 வெற்றி தேர்தல் லஞ்சம் என்று ரத்தானது, நம் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2008இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது, 2009இல் இடைத்தேர்தல் வந்தது, அவர் தன் அண்ணன் மகன் பிரவிந்திடம் தோற்றார்.

கேள்வி: தோற்கப் போகிற ஆளை நிறுத்தி என்ன பிரயோசனம்? (வாசகர், போர்ட் லூயிஸ்)

பதில்: அதே 2017 கத்ர் போர்ன் இடைத்தேர்தலில் 'ரெசிஸ்தான்ஸ் எக் அல்தெர்நாதிவ்' என்ற சிறு கட்சி சார்பில் குகன் பரப்பென் நின்று தோற்றார். 2024இல் 1ஆம் தொகுதியில் கூட்டணி டிக்கெட்டில் ஜெயித்து உள்ளே போனார். இடையில் ஏழு வருடம், அதில் அவர் ஊர் விஷயம் பேசுவதை நிறுத்தவில்லை. உங்கள் ஆள் தேர்தல் முடிந்த மறுநாள் போனை எடுப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எடுப்பார் என்றால் நிறுத்துங்கள்.