கார் வயரிங் படிக்கிறேன் என்கிறான், சேர்க்கலாமா?

ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலைக்கா பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் ஃபியூஸ் போனால் வேறொன்றை மாட்டி அனுப்புகிறவரும் உண்டு, ஏன் போனது என்று தேடிக் கண்டுபிடிப்பவரும் உண்டு. இரண்டாமவருக்கு மதிப்பு குறைந்து நான் பார்த்ததில்லை. மகன் அந்த ரகமா என்று முதலில் பார்ப்போம்.

ஒரு ரிலேயை, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்சை, அவன் கையில் கொடுங்கள். அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்தவை இவை. 85, 86 இரண்டும் காயிலுக்கு, அதாவது காந்தமாகி உள்ளே இருக்கும் சுவிட்சை இழுக்கும் கம்பிச்சுருளுக்கு. 30-இல் பேட்டரி சப்ளை வரும், 87 வழியாக ஹாரனுக்கோ ஹெட்லைட்டுக்கோ போகும். ஹாரன் பட்டனை அழுத்தினால் ரிலே 'டிக்' என்கிறது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. உடனே புது ரிலே வாங்க ஓடுகிறானா, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கிறானா? சத்தம் வந்தால் காயில் வேலை செய்கிறது. 87-இல் 12 வோல்ட் வந்தால் ரிலே பெரும்பாலும் சரி, கோளாறு அதற்குப் பிறகு உள்ள ஒயரிலோ கனெக்டரிலோ எர்த்திலோ ஹாரனிலோ இருக்கும். 30-லேயே சப்ளை இல்லையென்றால் ஃபியூஸ் பக்கம் போக வேண்டும்.

பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். கழற்றாமலே அங்கே சோதிக்கலாம். இரண்டிலும் சப்ளை இருந்தால் நல்லது, ஒன்றில் மட்டும் என்றால் போய்விட்டது. இரண்டிலுமே இல்லையா? சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும், சில ஃபியூஸ்களுக்கு இக்னிஷன் போட்டால்தான் சப்ளை வரும்.

ஃபியூஸ் நிறங்களை மனப்பாடம் செய்வது எளிது: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அந்த எண் எதற்கு என்பதுதான் புரிய வேண்டும். 55 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு ஏற்ற ஒயர், அந்த ஒயரைக் காக்க ஃபியூஸ். 15 அடிக்கடி போகிறதே என்று 30-ஐச் சொருகினால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று சொல்லிக் கொடுக்கிற இடத்தில் அவனைச் சேர்க்காதீர்கள்.

பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விடுங்கள். ஆளுக்கொரு மல்டிமீட்டர் உண்டா, வயரிங் டயகிராமைப் படிக்க வைக்கிறார்களா, வேண்டுமென்றே கோளாறு வைத்த வண்டியில் தேட விடுகிறார்களா என்று கேளுங்கள். இப்போதைய கார்களில் ரிலே செய்த பல வேலைகளைக் கன்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கணினியே செய்கிறது, அதனால் அதிலிருந்து கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும், மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸும் பாடத்தில் இருக்க வேண்டும். ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லேம்ப் (சப்ளை இருக்கிறதா என்று எரிந்து காட்டும் சோதனை விளக்கு) வைக்கக் கூடாது. மின்சாரக் காரின் ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது உயிரைக் குடிக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட். அதற்குத் தனிப் பயிற்சி முடிக்கும்வரை அவன் கை அங்கே போகவே கூடாது.

பலர் மறந்துவிடுகிற ஒன்று: ஒயரை அடையாளம் காண்பதே நிறத்தையும் அதன் மேல் ஓடும் கோட்டையும் வைத்துத்தான். பணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள்.