வானொலி நாடகங்களும் வீட்டிலுள்ள நாடாக்களும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோவில் வளர்ந்தவன் நான். எழுபதுகளில் எங்கள் மாடியில் வானொலி நாடகம் தொடங்கினால் அடுத்தடுத்த வீடுகளிலிருந்தும் அதே குரல் கேட்கும். இன்று வசந்தம் தொலைக்காட்சியிலும் ஒலி 96.8 வானொலியிலும் எத்தனையோ நிகழ்ச்சிகள் வந்தும் மனம் ஒட்டுவதில்லை. பழைய நிகழ்ச்சிகள் உண்மையிலேயே சிறந்தவையா, அல்லது இளமை நினைவு என்னை மயக்குகிறதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மயக்கம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் நாடகத்தைக் குறிப்பிட்டிருப்பதே அதற்குக் காரணம். திரைப்பாடல்களை எந்த நாட்டு வானொலியும் ஒலிபரப்பியிருக்கும். நம் ஊர் வாழ்க்கையை நம் தமிழில் பேசிய நாடகங்களை இங்கிருந்தவர்கள்தாம் எழுத முடியும். புதுமைதாசன் என்ற புனைபெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’யை எண்ணிப் பாருங்கள். கம்பத்து (கிராமத்து) வீடுகளை விட்டு மக்கள் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் புதிய வாழ்க்கையையே நகைச்சுவைத் தொடராக அவர் வானொலிக்கு எழுதினார். புது வீட்டில் அமர்ந்து அதைக் கேட்டவர்களுக்கு அது அடுத்த வீட்டுக் கதை. காட்சி, வருகிறவர், அவருடைய மனநிலை என அனைத்தையும் செவி வழியே உணர்த்த வேண்டியிருந்ததால், அத்தகைய நாடகங்களில் உரையாடல் தளர்ந்தால் தாங்கிப்பிடிக்க வேறொன்றும் இல்லை. அந்தக் கட்டாயம் நல்ல எழுத்தை வளர்த்தது.

தொலைக்காட்சி வேறு வகை. 1963இல் அது இங்கு வந்த பிறகு தமிழ் நிகழ்ச்சிகள் நெடுங்காலம் சீன நிகழ்ச்சிகளோடு 8ஆம் ஒளிவழியைப் பகிர்ந்துகொண்டன. 2008இல்தான் வசந்தம் தனி ஒளிவழியாயிற்று. குறைவாகக் கிடைத்ததாலேயே அருமையாகத் தோன்றியவை அவற்றுள் பல என்பேன். இன்றைய கலைஞர்களை அந்த நினைவோடு ஒப்பிட்டுத் தாழ்த்துவது நியாயமாகாது.

என்னை வருத்துவது வேறு. ஒலிநாடா விலையுயர்ந்த பொருளாயிருந்த அக்காலத்தில், ஒலிபரப்பானதை அழித்துவிட்டு அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவதை உலகின் பல நிலையங்கள் வழக்கமாக வைத்திருந்தன. ஆகவே, வானொலிப் பெட்டிக்கருகே கேசட் பதிவுக் கருவியை வைத்து யாரேனும் பதிந்த நாடாவே ஒரு நாடகத்தின் எஞ்சிய ஒரே சான்றாக இருக்கக்கூடும். நம் ஊரின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் படரும். சிலவற்றில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அந்நிலையில் ஆவலோடு ஓடவிட்டால் பூச்சு உரிந்து, ஒலியும் அதனோடு போய்விடும். உங்களிடமோ உறவினரிடமோ அப்படி ஏதேனும் இருந்தால், ஓட்டிப் பார்க்காமல் முதலில் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். உறையின்மேல் ஆண்டு, நாடகத்தின் பெயர் ஆகியவற்றோடு, நீங்கள் அடையாளம் காணும் நடிகர்களின் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள். காப்பக அலுவலரால் நாடாவைச் சீர்செய்ய முடியலாம். அதில் பேசுகிறவர் யாரென்று உங்களைப் போன்று அன்று கேட்டவர்களால்தான் சொல்ல முடியும்.

அன்புடன்.