பாய்லர் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கே கோர்ட் வாய்தா, என்ன செய்ய?

கேள்வி: ஐயா, நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் அட்டெண்டன்ட். மாசி மகத்துக்குப் பாண்டிச்சேரி போய்த் திரும்பும்போது அரியாங்குப்பம் பக்கம் போலீஸ் வண்டியை மறித்தார்கள். இன்சூரன்ஸ் முடிந்து 9 நாள் ஆகியிருந்தது, நான் கவனிக்கவில்லை. இப்போது புதுச்சேரி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. அதே நாளில்தான் எங்கள் யூனிட்டில் ஷட்டவுன், பாய்லர் இன்ஸ்பெக்டரும் அன்றைக்குத்தான் வருகிறார். லீவு என்று வாயைத் திறந்தாலே சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் "போகாமல் விடு, ஒன்றும் ஆகாது" என்கிறார். இன்னொருவர், கோர்ட் வாசலில் 1,500 ரூபாய் கொடுத்தால் ஒரு ஆள் முடித்துக் கொடுப்பார் என்கிறார். இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. தேதியை மாற்ற முடியுமா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முடியும் தம்பி. 12 நாள் இருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வாய்தா முடிந்த மறுநாள்தான் வருகிறார்கள்.

முதலில் அந்த அண்ணன் சொன்னதை விட்டுவிடுங்கள். கோர்ட்டில் உங்கள் பெயரை டவாலி மூன்று தடவை கூப்பிடுவார். நீங்களும் இல்லை, உங்களுக்காக எழுந்து நிற்க ஒரு வக்கீலும் இல்லை என்றால் பெஞ்ச் கிளார்க் கேஸ் கட்டில் ஒரு வரி எழுதுவார், அடுத்த கட்டைக் கையில் எடுத்துவிடுவார். அந்த ஒரு வரி வாரண்ட்டாக இருக்கலாம். வாரண்ட் தானாகக் காலாவதி ஆகாது, அதைப் போட்ட கோர்ட்டே ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அது நிறைவேற்றப்படும் வரை அப்படியே நிற்கும். மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஒரு கொத்தனாரைப் பார்த்திருக்கிறேன், சில நூறு ரூபாய் அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய கேஸ், மூன்று வாய்தா போகவில்லை. போலீஸ் வீட்டுக்கு வந்தபோது மகளுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தத் திண்ணையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சரி, இப்போது சம்மனை எடுத்து முன்னும் பின்னும் நிதானமாகப் படியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 208-வது பிரிவின்படி, நேரிலோ வக்கீல் மூலமாகவோ ஆஜராகலாம், அல்லது குறிப்பிட்ட தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தை அனுப்பிவிடலாம் என்று சம்மனிலேயே எழுதி அனுப்ப வழி இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கு 196-வது பிரிவில், முதல் தடவை என்றால், 2,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் வரை சிறை என்றும் இருப்பதால், உங்கள் சம்மனில் அந்த வாசகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிறை என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இரண்டில் ஒன்றோ இரண்டுமோ என்றுதான் சட்டம் சொல்கிறது, 9 நாள் தவறிப்போன முதல் தடவைக்கு அபராதத்தோடு முடிவதே வழக்கம். பாலிசியை இன்றைக்கே புதுப்பித்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தவறை அது அழிக்காது, ஆனால் மாஜிஸ்ட்ரேட் அபராதத்தை முடிவு செய்யும்போது அது உதவும்.

ஒப்புக்கொண்டு கட்டும் வழி சம்மனில் இல்லையென்றால் ஒரு வக்கீலை வைத்து அன்றைக்கு ஆஜராகாமல் இருக்க மனு போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 317-வது பிரிவு மனு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 355, ஆனால் குமாஸ்தாக்கள் இன்னும் 317 என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். இந்த மனுவுக்கு வக்கீல் கட்டாயம் வேண்டும், நீங்களே ஒரு கடுதாசி எழுதித் தபாலில் போட்டால் போதாது.

மனுவில் 'வேலை இருக்கிறது' என்று எழுதினால் எடுபடாது, வேலை எல்லோருக்கும்தான் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது நல்ல காரணம், அதை முழுசாகச் சொல்லுங்கள்: சர்டிபிகேட் உள்ள பாய்லர் அட்டெண்டன்ட் நீங்கள், இன்ஸ்பெக்‌ஷன் தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். இதைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில், தேதியும் கையெழுத்தும் சீலுமாக வாங்கி மனுவோடு இணையுங்கள். சூப்பர்வைசரிடம் லீவு கேட்டு நிற்காதீர்கள், நேராக ஹெச்.ஆரிடம் போய் இந்தக் கடிதம் மட்டும் கேளுங்கள். அன்றைக்கு நான் வேலைக்கு வருவதற்காகத்தான் இதைக் கேட்கிறேன் என்று சொன்னால் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். ஷட்டவுன் எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் கடிதத்தில் இருக்கட்டும், அதற்குப் பிறகு ஒரு தேதி கொடுங்கள் என்று வக்கீல் கேட்கலாம். அப்படி வாங்கிய தேதிக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் தவறாதீர்கள், இரண்டாவது தடவை அதே மரியாதை கிடைக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று யோசிக்கிறீர்களா? இது நிறையப் பேருக்குத் தெரியாது: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவில், இலவச வக்கீல் கேட்கும் உரிமை உள்ளவர்கள் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது சட்டப்பணிகள் ஆணைய அலுவலகத்துக்குக் கம்பெனி அடையாள அட்டையோடு போங்கள். கோர்ட் வாசல் ஆளிடம் 1,500 ரூபாய் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டால் கோர்ட் ரெக்கார்டில் நீங்கள் வராத ஆள்தான்.

மனு போட்ட அன்று மாலையே அடுத்த தேதியை நீங்களே பாருங்கள். ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர். எண் என்று 16 எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கும், வக்கீலிடம் கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் தெரிந்துவிடும்.

அப்புறம், நேரில் போகும் நாளில் கடலூரிலிருந்து பஸ் ஏறினால் பாண்டி பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டாம், கோர்ட் வளாகம் கடலூர் சாலையிலேயே இருக்கிறது, கண்டக்டரிடம் 'கோர்ட்' என்று சொல்லி இறங்கிக்கொள்ளுங்கள். பத்தரைக்கு முன்னால் உள்ளே இருங்கள். சம்மன், ஆதார், லைசன்ஸ், ஆர்.சி., புதிய பாலிசி எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். மதியம் 2 மணிக்கு பி ஷிஃப்ட் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அன்றைக்கு முழு லீவே எழுதிக் கொடுங்கள்.