மெட்டல் டிடெக்டர் ஆசை: தவணையில் வேண்டாம், பங்குனியில் வாங்குங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. சொந்த ஊர் நாங்குநேரி பக்கம் ஒரு கிராமம். கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 32,000 ரூபாய். வீட்டுச் செலவு 25,000 போக 7,000 மிஞ்சும். மனைவியின் நகையை அடகு வைத்து வங்கியில் 1,20,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறேன், வட்டி 9 சதவீதம். வட்டியை வருடக் கடைசியில்தான் கட்டுகிறேன். வேறு சேமிப்பு கிடையாது. இந்தத் தீபாவளிக்கு 35,000 ரூபாய் போனஸ் வந்தது. மெட்டல் டிடெக்டர் வைத்து மண்ணுக்குள் காசு, நகை தேடும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. கடையில் கருவி 34,000, பின்பாயிண்டர் (குழிக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன டிடெக்டர்) 7,500, ஹெட்போன் 4,500, தோண்டும் கருவி 4,000, பைகள் 3,000, கடல் மணல் அள்ளும் சல்லடைக் கூடை 5,000 என்று மொத்தம் 58,000 ரூபாய்க்கு 'செட்'டாக, 12 மாதத் தவணையில் தருகிறேன் என்கிறார்கள். 18,000 ரூபாய்க்குச் சின்னக் கருவியும் இருக்கிறது. இந்தத் துணைப் பொருட்கள் எல்லாம் தேவைதானா? அப்பாவின் வயல், உவரி கடற்கரை, ஆதிச்சநல்லூர் பக்கம் என்று தேடினால் போட்ட பணத்தை எடுத்துவிட முடியுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. போட்ட பணம் திரும்பி வராது. இதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். கேரம் போர்டு, கேமரா வாங்குவதைப்போல ஆசைக்குச் செய்யும் செலவு இது. ஆசைக்குச் செலவழிப்பது தப்பே இல்லை. வரப்போகிற தங்கத்தை நம்பித் தவணை கட்டக் கிளம்புவதுதான் தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆமாம், வெறும் பத்து ரூபாய்! என்ன கிடைத்தது, தோராய மதிப்பு எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். விசாரணைக்குப் பிறகு பொருளுக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோகத்தின் மதிப்பையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். நூறு வருடத்துக்கு மேல் பழைய நாணயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆன்லைனில் விற்றுத் தவணை கட்டலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை.

ஆதிச்சநல்லூர் பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகர் தோண்டிய இடம் அது. பிறகு தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ, நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்களையும் வெண்கலப் பொருட்களையும் எடுத்த பரம்பு மேடு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே மட்டுமில்லை, சிவகளை, கொற்கை, வள்ளியூர் பக்கம் துலுக்கர்பட்டி என்று அகழாய்வு நடந்த எந்த ஊருக்கும் கருவியோடு போகாதீர்கள். ஒரு நாணயம் எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். நாம் பிடுங்கி எடுத்த நிமிடத்தில் அந்தக் கணக்கு அழிந்துபோகும். தாமிரபரணிக் கரைக்காரர்கள் இழக்கக்கூடாத சொத்து அது. அப்பாவின் வயலிலேயே முதுமக்கள் தாழி ஓடோ கறுப்பு சிவப்புப் பானை ஓடோ தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் பக்கமும் போக வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் மிஞ்சுவது அப்பாவின் வயலும், உவரியில் அலை எட்டாத காய்ந்த மணலும். ஆரம்பிக்கிறவருக்கு இது தாராளம். கடற்கரையிலும் உள்ளூரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இப்போது கடைக்காரரின் பட்டியலுக்கு வருவோம். அதில் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்க வேண்டிய துணைப் பொருள் ஒன்றே ஒன்றுதான், பின்பாயிண்டர். ஏன் என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வயலில் பிசான நெல் அறுப்பின்போது அக்காவின் மோதிரம் விழுந்துவிட்டது. நண்பர் ஒருவர் டிடெக்டர் கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் ஒரு இடத்தில் 'கீங்' என்று தெளிவாகச் சத்தம் வந்துவிட்டது. தோண்டினோம், தோண்டினோம், குழி அண்டா வாய் அளவுக்கு வந்துவிட்டது. மோதிரத்தைக் காணோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் குழிக்குள் சத்தமே வரவில்லை என்பதைக் கவனித்தோம். மோதிரம் முதல் கொத்திலேயே வெளியே வந்து, நாங்கள் அள்ளிப் போட்ட மண் குவியலுக்குள் கிடந்தது. ஒரு மண்கட்டியை அக்கா விரலால் நசுக்கிப் பார்த்தபோது சேறு அப்பி, மண்நிறத்திலேயே இருந்தது. கண்ணால் பார்த்து எடுத்திருக்கவே முடியாது. பின்பாயிண்டர் என்பது டார்ச் லைட் அளவில் இருக்கும் சின்ன டிடெக்டர். முனையைக் குழிக்குள்ளும் குவியலுக்குள்ளும் விட்டால் உலோகத்தை நெருங்க நெருங்க வேகமாக அதிரும். குழி உள்ளங்கை அகலத்தோடு நின்றுவிடும், வரப்பும் பயிரும் பிழைக்கும். பெயர் பெற்ற பின்பாயிண்டர்களுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு. பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

தோண்டும் கருவிக்கு 4,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கொல்லன் பட்டறையில் ஒரு களைக்கொத்தி அடித்துத் தரச் சொல்லுங்கள். அதன் தகடு கொஞ்சம் ஒடுக்கமாகவும் நீளமாகவும், ஒரு ஓரம் கூர்மையாகவும் இருந்தால் போதும். பைக்கு 3,000 ரூபாயும் அதிகம். இடுப்பில் கட்டும் துணிப்பை ஒன்றை இரண்டு அறையாகத் தைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நல்ல பொருளுக்கு, இன்னொன்று குப்பைக்கு. வயலில் துருப்பிடித்த ஆணி, பிளேடு, கம்பித் துண்டு, கடற்கரையில் தூண்டில் முள், ஈயக்குண்டு, பாட்டில் மூடி என்றுதான் அதிகம் வரும். எடுத்ததைத் திரும்பப் போடாமல் கொண்டுவருவது இந்தப் பொழுதுபோக்கின் பாதி மரியாதை. அதனால்தான் தடித்த கையுறையைக் கட்டாயம் என்கிறேன். துருப்பிடித்த கம்பி கிழித்தால் ஊசி போட அலைய வேண்டியிருக்கும்.

ஹெட்போன் வீட்டில் பழையது இருந்தால் அதுவே போதும். ஆனால் வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் ஒரு நொடிக்குள்தான் பிந்தும், அதற்குள் கை தாண்டிப் போய்விடும். கருவியில் ஹெட்போன் செருகும் துளை பெரிதாக இருந்தால் அடாப்டர் ஒன்று போட்டுக்கொள்ளலாம். தேடும் வட்டத் தகட்டுக்கு உறை கட்டாயம் கேளுங்கள். அறுத்த நெல் தாள் உரசி உரசித் தகடு தேய்ந்தால் செலவு பெரிது. பேட்டரியில் ஓடும் கருவியென்றால் சார்ஜ் ஏற்றும் வகை இரண்டு செட்.

மணல் கூடையை இப்போது வாங்கவே வேண்டாம். உவரி, கூத்தங்குழி கடற்கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருக்கின்றன. கறுப்பாக, பளபளப்பாகப் பட்டை பட்டையாக ஒதுங்கியிருக்குமே, அதுதான். அந்தத் தாதுக்களே கருவியைக் கத்த வைக்கும். அதோடு உப்புத் தண்ணீரில் நனைந்த மணலும் சேர்ந்தால், ஒற்றை அலைவரிசையில் இயங்கும் சின்னக் கருவி ஓயாமல் பொய்ச் சத்தம் போடும். ஈர மணலில் உங்களால் வேலை செய்யவே முடியாது என்னும்போது 5,000 ரூபாய்க் கூடை எதற்கு? காய்ந்த மணலுக்கு வீட்டுச் சல்லடை ஒன்று போதும். தேரிப் பக்கச் செம்மண்ணிலும் இரும்புச் சத்து அதிகம் என்பதால் இதே தொல்லை கொஞ்சம் இருக்கும். ஆகவே 18,000 ரூபாய்க் கருவியே போதும். ஆனால் மண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' வசதி அதில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 58,000 ரூபாயை 12-ஆல் வகுத்தால் மாதம் 4,833. வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், கார்டு தவணையில் செயல்பாட்டுக் கட்டணமும் வட்டித் தொகை மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சத்தமில்லாமல் ஏறும். உங்கள் நகைக்கடனுக்கோ மாதம் 900 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மிஞ்சும் 7,000 ரூபாயில் இந்த இரண்டும் போனால் கையில் என்ன நிற்கும்? வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாதத் தவணை தவறும். நகைக்கடன் கெடு தவறினால் ஏலம் வரை போகும்.

நான் சொல்வது இதுதான். போனஸில் 25,000 ரூபாயை அவசரக் கையிருப்பாக வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு அது. அதைத் தொடக்கூடாது. மீதி 10,000 இந்த ஆசைக்கு. இனி மாதம் மிஞ்சும் 7,000-ஐ இரண்டாகப் பிரித்து, 3,500 நகைக்கடனுக்கு, 3,500 டிடெக்டர் கணக்குக்கு. நகைக்கடனில் மாதாமாதம் வட்டி போக அசலும் கொஞ்சம் குறையும். ஐந்து மாதத்தில் 13,000 ரூபாய்க்கு மேல் அசல் இறங்கியிருக்கும். டிடெக்டர் கணக்கில் 10,000-மும் 17,500-மும் சேர்ந்து 27,500 இருக்கும். கருவி 18,000, பின்பாயிண்டர் 7,500, களைக்கொத்தி, பை, கையுறை, உறை, பேட்டரிக்கு 2,000. கணக்கு சரியாக வருகிறது. ஒரு ரூபாய் கடன் இல்லை.

ஐந்து மாதம் என்பது வீண் காத்திருப்பும் இல்லை. இப்போது வயலில் பிசானப் பயிர் நிற்கிறது, நீங்கள் கால் வைத்தால் அப்பாவே விரட்டுவார். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து வயல் வெறுமையாகி, மண் லேசான ஈரத்தோடு இருக்கும். ஈரப்பதம் இருந்தால் கருவி கொஞ்சம் ஆழமாகவும் கேட்கும். அதுவரை வாய்ப்புக் கிடைத்தால் யாரிடமாவது ஒரு நாள் கருவியை இரவல் வாங்கித் தேடிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் நடந்து பாட்டில் மூடிகளை மட்டும் எடுத்த பிறகும் மறுநாள் போகத் தோன்றினால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கப் போகும் அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள், ஒரு பழைய அலுமினிய 10 பைசா, ஒரு இரும்பு ஆணி, சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாள், மனைவியின் மூக்குத்தி, இத்தனையும் இருக்கட்டும். ஒவ்வொன்றாகத் தகட்டுக்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களில் பல காந்தம் இழுக்கும் எஃகால் ஆனவை. இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிட்டால் அவையும் காணாமல் போகக்கூடும். மெல்லிய தங்கமும் அந்தப் பளபளப்புத் தாளும் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்கும். எதற்குக் கருவியின் திரையில் எந்த எண் வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, மூக்குத்தியைப் பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் பணத்தைக் கட்டுங்கள்.